நீல விளக்கு அணைந்த பிறகும் பதினைந்து

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு வாரத்தில், ஆவடியில் ஒரு சின்ன மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நடந்தது இது. அங்கே எனக்குத் தெரிந்த குழந்தை என்று எதுவும் இல்லை. நான் போனது ஒரு மீட்டரைப் பார்க்க. அதுவும் பார்க்கத் தேவையே இல்லை என்ற நினைப்போடு போனேன்.

முதலில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் ஒரு சிறிய நிறுவனம் எங்களுடையது. அளக்கும் கருவிகள் செய்கிறோம். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். ஆறு வருடங்கள் வீட்டில் இருந்தேன். திரும்ப வேலை தேடியபோது போன இடமெல்லாம் அந்த ஆறு வருடங்களைப் பற்றித்தான் கேட்டார்கள். எங்கள் முதலாளி மட்டும் அதைக் கேட்கவில்லை. ஒரு பழுதான சர்க்யூட் போர்டைக் கையில் கொடுத்து, "இதுல என்ன கோளாறுன்னு பாரும்மா" என்றார். கண்டுபிடித்துச் சொன்னேன். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

பட்டாபிராமில் வீடு. தினமும் ரயில் பிடித்து, பட்டரவாக்கத்தில் இறங்கி, நடந்து போவேன். எட்டு மாதம் கழித்து முதலாளி எனக்கென்று ஒரு தனிப் பொறுப்பைக் கொடுத்தார். பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வந்தால் நீல வெளிச்சத்தின் கீழே படுக்க வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த வெளிச்சம் குழந்தைமேல் போதுமான அளவு விழுகிறதா என்று அளக்க ஒரு மீட்டர். அதற்குள் வைக்கச் சரியான ஃபோட்டோடையோடு எது என்று சோதித்துத் தேர்ந்தெடுப்பதுதான் என் வேலை.

ஃபோட்டோடையோடு என்பது சட்டைப் பொத்தானைவிடச் சின்ன ஒரு சிலிக்கான் சில்லு. வெளிச்சம் பட்டால் அதற்கேற்பத் துளியூண்டு மின்சாரம் கொடுக்கும். வெளிச்சம் இரண்டு மடங்கானால் மின்சாரமும் இரண்டு மடங்காக வேண்டும். இருட்டில் எதுவும் வரக்கூடாது. வெயில் காலத்திலும் மழைக் காலத்திலும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். சொல்வதற்கு எளிது. மூன்று கம்பெனிகளின் சில்லுகளை வகைக்குப் பத்தாக வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த மூன்று வாரமும் நான் வேறு உலகத்தில் இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ப்ளைவுட்டில் ஒரு பெட்டி செய்து, அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு துணிக்கடையில் கறுப்பு வெல்வெட் வாங்கி வந்து உள்ளே முழுக்க ஒட்டினேன். ஒரு நாள் அளவு லேசாகக் கூடியது. காரணம் தேடினால், மேசையில் இருந்த பவர் சப்ளையின் பச்சைப் புள்ளி விளக்கு. அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். இன்னொரு நாள் மறுபடி கூடியது. அன்று நான் வெள்ளைத் துப்பட்டா போட்டிருந்தேன். பெட்டிக்குள் குனிந்தபோது அதில் பட்ட வெளிச்சம் சில்லின்மேல் தெறித்திருக்கிறது. மறுநாளிலிருந்து அடர்ந்த நிறச் சுடிதார்தான். வீட்டில், "என்ன, தினம் கறுப்பா?" என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டேன். இவ்வளவு நுணுக்கமாக யார் பார்ப்பார்கள் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்.

முதல் வகைச் சில்லு எல்லாவற்றிலும் முதலிடம். அதன் முன்னால் நீல நிறப் பிளாஸ்டிக் வடிகட்டி ஒன்றைப் பொருத்தினால் நீல வெளிச்சத்தை மட்டும் அளக்கும் என்று எழுதினேன். இரண்டாவது சுமார். மூன்றாவது மிகக் குறைந்த மின்சாரம் கொடுத்தது. அதற்கு எதிரே சிவப்பு மையில், "நிராகரிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே முதலாளியும் போட்டார். நாற்பது மீட்டர்கள் தயாராயின. அனுப்புவதற்கு முன்னால் மூன்று நாள் நிஜமான வார்டில் பயன்படுத்திப் பார்க்கட்டும் என்று ஒரு மீட்டரை ஆவடி மருத்துவமனையில் கொடுத்து வைத்தோம்.

மூன்றாம் நாள் மத்தியானம் அங்கிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தாள். குரலைக் கேட்டால் இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும்.

"மேடம், உங்க மீட்டர் கரெக்டா கீதான்னு ஒரு டவுட்டு. லைட்டு நல்லா கீதுன்னு காட்டுது. ஆனா கொழந்தைக்கு மஞ்சா எறங்கவே மாட்டேங்குது."

மீட்டரைக் குழந்தையின் வயிற்றுப் பக்கம் சரியாகத்தான் வைக்கிறாளா என்று கேட்டேன். சரியாகத்தான் வைத்திருந்தாள். பிறகு அவள் ஒன்று சொன்னாள். இன்றைக்கும் அது அப்படியே காதில் இருக்கிறது.

"கொழந்த குளிராம இருக்க மேல ஒரு ஹீட்டர் கீது மேடம். அது செவந்தா உங்க நம்பர் ஏறுது. அது அணைஞ்சா எறங்குது. நான் ரெண்டு மூணு தபா பாத்துட்டேன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த நிமிடமே எழுந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, பெரிய ஆள் மாதிரி விளக்கம் சொன்னேன். ஹீட்டர் எரியும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும், அதனால் நீல விளக்கே கூடிக் குறையலாம் என்றேன். அதோடு விட்டேனா? "இதை லேப்ல மூணு வாரம் டெஸ்ட் பண்ணியிருக்கோம் சிஸ்டர்" என்றும் சொன்னேன். ஹீட்டருக்கும் நீல வெளிச்சத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற எரிச்சல் என் குரலில் இருந்திருக்கும்.

அவள் கோபப்படவில்லை. "அதுக்கு இல்ல மேடம். ஒரு தபா நேர்ல வந்து பாத்துட்டுப் போங்களேன். தெனம் இந்தப் பக்கந்தானே போறீங்க?" என்றாள். மீட்டரைக் கொடுக்கப் போன அன்று பேச்சுவாக்கில் பட்டாபிராம் என்று சொல்லியிருந்தேன் போல. மறுக்க வழியில்லை. அன்று மாலை ஆவடியில் இறங்கி, மழையில் பாதி நனைந்தபடி ஷேர் ஆட்டோவில் போனேன்.

கையைக் கழுவி, மேலே ஓர் அங்கி மாட்டி உள்ளே விட்டார்கள். நாள் குறைவாகப் பிறந்த குழந்தை. பிறந்து மூன்று நாள். கண்ணைத் துணியால் கட்டி, டயப்பர் மட்டும் போட்டு, நீல வெளிச்சத்தில் கிடந்தது. நீல விளக்கு பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. நேர் மேலே ஹீட்டரின் கம்பி செக்கச்செவேலென்று இருந்தது. என் மீட்டர் குழந்தையின் பக்கத்தில். முப்பதைத் தாண்டினால் வெளிச்சம் போதும் என்று கணக்கு. அது முப்பத்து நான்கு காட்டியது.

"பார்த்தீங்களா சிஸ்டர், நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

அவள் ஹீட்டருக்கும் மீட்டருக்கும் நடுவில் உள்ளங்கையை நீட்டினாள். முப்பத்து நான்கு, பத்தொன்பது ஆனது.

"உங்க கை நிழல் விழுது சிஸ்டர்" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நீல விளக்கு பக்கத்தில் இருக்கிறது. கை இருப்பது மேலே. நிழல் எங்கிருந்து வரும்?

அவள் என்னோடு வாதாடவே இல்லை. கையை எடுத்துவிட்டு, நீல விளக்கின் சுவிட்சை அணைத்தாள். அந்த இடம் முழுக்கச் சட்டென்று சாதாரண நிறத்துக்கு வந்தது. குழந்தையின் உடம்பு எவ்வளவு மஞ்சளாக இருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இப்ப நீல லைட்டே இல்ல மேடம். உங்க மீட்டர் இன்னா காட்டுது, நீங்களே பாருங்க."

பதினைந்து காட்டியது.

நீல வெளிச்சத்தை அளக்க நான் தேர்ந்தெடுத்த கருவி, நீல வெளிச்சமே இல்லாத இடத்தில் பதினைந்து காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு மூன்று விநாடிதான். அவள் உடனே விளக்கைப் போட்டுவிட்டாள்.

என்ன நடந்திருக்கிறது என்று புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. சிலிக்கான் நம் கண் மாதிரி இல்லை. நீலத்தை அது மங்கலாகத்தான் பார்க்கும். சிவப்பையும் தாண்டி, நம் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதைத்தான் பளிச்சென்று பார்க்கும். கல்லூரியில் படித்ததுதான். சில்லோடு வந்த தாளில் முதல் படமே அதுதான். நான் முன்னால் வைத்த நீல பிளாஸ்டிக், கண்ணுக்கு அடர்நீலமாகத் தெரிந்தாலும் அகச்சிவப்பை அப்படியே உள்ளே விட்டிருக்கிறது. சிவந்த ஹீட்டரிலிருந்து அது கொட்டிக்கொண்டிருந்தது. என் கறுப்புப் பெட்டிக்குள் ஹீட்டர் இல்லை. எல்லா வெளிச்சத்தையும் துரத்திவிட்டு, நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டு சோதித்தேன். இந்த மீட்டர் வேலை செய்யப்போகும் இடத்தில் வேறு என்னென்ன எரியும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

"சிஸ்டர், இது தப்பா காட்டுது. உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. லைட் பாதிதான் விழுந்துகிட்டிருக்கு" என்றேன்.

டாக்டரம்மா வந்தார். முந்தைய நாள் அந்த விளக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று என் மீட்டரைப் பார்த்துத்தான் முடிவு செய்திருக்கிறார்கள். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. விளக்கை நெருக்கி வைக்கச் சொன்னார். அடியில் வைக்கும் இன்னொரு நீல விளக்கையும் எடுத்துவரச் சொன்னார். சில மணி நேரத்தில் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்ப்போம், குறையாவிட்டால் குழந்தையின் இரத்தத்தையே மாற்ற வேண்டி வரலாம் என்று நர்ஸிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கதவருகே நாற்காலியில் குழந்தையின் அம்மா உட்கார்ந்திருந்தார். நெமிலிச்சேரிக்காரர். அங்கி போட்டு வந்ததால் என்னை டாக்டர் என்று நினைத்துவிட்டார்.

"டாக்டர், கொழந்த எப்டி கீது?"

நான் டாக்டர் இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். கால் நகரவில்லை. "நான் டாக்டர் இல்லம்மா. லைட்டை அளக்கிற மீட்டரைச் செஞ்சவ. அது தப்பா காட்டிடுச்சு. அதனால உங்க குழந்தைக்கு வெளிச்சம் குறைச்சலா விழுந்திருக்கு. இப்ப டாக்டர் சரிபண்ணிட்டாங்க" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மீட்டர எடுத்துகினு போறியா?"

"ஆமாம்மா."

"அப்ப இனிமே இன்னாத்த வெச்சுப் பாப்பாங்க?"

"ரத்தத்தைப் பரிசோதனை பண்ணிப் பார்ப்பாங்கம்மா. அது தப்பாகாது."

"சரி" என்றார். உள்ளேயிருந்து பால் கொடுக்கக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டேன், மகளிடம் என்ன பேசினேன் எதுவும் நினைவில்லை. காலையில் முதல் ஆளாக அலுவலகத்துக்குப் போய்விட்டேன். மீதி முப்பத்தொன்பது மீட்டர்களும் பெட்டியில் அடுக்கி, பட்டை கட்டி, வாசல் பக்கம் இருந்தன. அன்று மத்தியானம் லாரி வரவேண்டியது. எட்டு மாதத்தில் கிடைத்த பெயர் எட்டு நிமிடத்தில் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். வேலையும் போகலாம். மறுபடியும் யாரிடம் போய் நிற்பது?

முதலாளி வந்ததும் உட்காரக்கூட விடாமல் சொல்லிவிட்டேன். அவர் ஒரு மீட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். சுவரில் மாட்டியிருந்த ஏ.சி. ரிமோட்டை எடுத்து, அதன் முனையை மீட்டருக்கு ஒட்டினாற்போல் பிடித்துப் பட்டனை அழுத்தினார். ரிமோட்டிலிருந்து வருவதும் அகச்சிவப்புதான். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் மீட்டரில் எண் துள்ளியது. மறுபடி அழுத்தினார். மறுபடி துள்ளியது.

"மூணு வாரமா இந்த ரிமோட் நம்ம தலைக்கு மேலதான தொங்கிட்டிருந்துச்சு" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு, "தப்பு என்னோடதுதான் சார். ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டது நான்" என்றேன்.

"கீழே யார் கையெழுத்து இருக்கு?"

"உங்களோடது சார்."

"அப்புறம் என்ன? ரெண்டு பேரும் படிச்சவங்கதான். ரெண்டு பேருக்கும் தோணல. அந்தப் பொண்ணுக்குத் தோணிருக்கு." அவர் போனை எடுத்து லாரிக்காரரை வரவேண்டாம் என்றார். அடுத்து, மீட்டர்களுக்காகக் காத்திருந்த நிறுவனத்தைக் கூப்பிட்டார். "எங்க தேர்வுல தப்பு நடந்திருக்கு. இதை நான் அனுப்ப மாட்டேன், ரெண்டு மாசம் கொடுங்க" என்று நேராகவே சொன்னார். அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. அவர் பொறுமையாக, "ஆமா சார், ஆமா சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "போ, வேலையை ஆரம்பி" என்றார். அவ்வளவுதான்.

பதினோரு மணி இருக்கும். நர்ஸ் போன் செய்தாள். எண்ணைப் பார்த்ததும் எடுக்கவே பயமாக இருந்தது.

"மேடம், கொழந்தைக்கு எறங்கிடுச்சு! காலைல எடுத்த ரத்தத்துல நல்லா எறங்கி கீது. ரத்தம்லாம் மாத்த வாணாம்னு டாக்டரம்மா சொல்ட்டாங்க. நீங்க ஒரே டென்சனா போனீங்களே, அதான் சொல்லலாம்னு கூப்டேன்."

போனை வைத்தேன். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவளை நானே திரும்ப அழைத்தேன். முந்தின நாள் போனில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அய்ய, அதெல்லாம் வுடுங்க மேடம்" என்றாள். "உங்க வார்டுல ஒரு நாள் பூரா என்னென்ன வெளிச்சம் வரும், போகும்? எனக்கு ஒரு லிஸ்ட் வேணும்" என்று கேட்டேன்.

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் நீளமாகப் பேசி அனுப்பியிருந்தாள். ஹீட்டர். டியூப்லைட். காலையில் கிழக்கு ஜன்னல் வழியாக வரும் வெயில். டாக்டர் பரிசோதிக்கும்போது இழுத்துப் போடும் பெரிய விளக்கு. ஊசி போட நரம்பு தெரியாவிட்டால் அடிக்கும் செல்போன் டார்ச். கடைசியில், "அப்பால சானிடைசர் கையோட மீட்டரைத் தொடுவோம் மேடம், கண்ணாடி மங்கிடும், அதையும் பாத்துக்கோங்க" என்று சேர்த்திருந்தாள். என் மூன்று வாரச் சோதனையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

கறுப்புப் பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை. அதில் செய்யவேண்டியதை அதில் செய்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சில்லையும் வெளியே எடுத்து, அவள் சொன்ன ஒவ்வொரு வெளிச்சத்தின் முன்னாலும் வைத்தேன். பழைய ஹீட்டர் ஒன்றை மருத்துவமனையே இரவல் கொடுத்தது. முதலிடம் வாங்கிய சில்லு ஹீட்டர் முன்னால் திணறியது. "நிராகரிக்கலாம்" என்று நான் சிவப்பு மையில் எழுதியிருந்தேனே, அந்த மூன்றாவது வகை அசையவே இல்லை. அகச்சிவப்பைப் பார்க்காத மாதிரியே செய்யப்பட்ட சில்லு அது. அதனால்தான் மின்சாரமும் குறைவாக இருந்திருக்கிறது. பிளாஸ்டிக்கை மாற்றி, அகச்சிவப்பை உள்ளே விடாத நல்ல கண்ணாடி வடிகட்டி போட்டோம். குறைந்த மின்சாரத்தைப் பெருக்க போர்டில் ஒரு மாற்றம் செய்தோம். பெருக்கும்போது கூடவே வந்த இரைச்சலை, அதாவது எண்ணை ஆடவைக்கும் வேண்டாத மின்சாரத்தை, அடக்கத்தான் பத்து நாள் படாதபாடு பட்டேன். ஆனால் முடிந்தது.

புதிய மீட்டர்கள் தயாரானதும், நர்ஸ் தன் விடுமுறை நாளில் எங்கள் இடத்துக்கே வந்தாள். பருத்திப்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். முதலாளி அவளை என் நாற்காலியில் உட்காரவைத்து, "நீங்க பாஸ் பண்ணினாத்தான் அனுப்புவோம்" என்றார். அவள் வெட்கப்பட்டாள். ஆனால் வேலையில் வெட்கமே இல்லை. நீல விளக்கை அணைத்தாள், ஹீட்டரைப் போட்டாள், செல்போன் டார்ச்சை அடித்தாள், சானிடைசர் கையால் தடவினாள், ரிமோட்டையும் கேட்டு வாங்கி அழுத்திப் பார்த்தாள். ஹீட்டருக்கும் ரிமோட்டுக்கும் மீட்டர் பூஜ்யத்திலேயே நின்றது; டார்ச்சில் இருக்கிற கொஞ்சம் நீலத்துக்கு மட்டும் லேசாக ஏறி இறங்கியது. "இப்ப ஓகே மேடம்" என்றாள். அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினோம்.

அந்த மீட்டர்கள் இப்போது எத்தனையோ வார்டுகளில் இருக்கின்றன. எங்கள் சோதனைப் படிவத்தில் புதிதாக ஒரு பக்கம் சேர்ந்திருக்கிறது. கருவியைத் தினமும் கையில் பிடிப்பவர் பார்த்துச் சொல்லவேண்டியவை அதில் இருக்கின்றன. கையெழுத்துப் போடுவதும் அவர்தான். அந்தக் கையெழுத்து இல்லாமல் எங்கள் கையெழுத்துகளுக்கு மதிப்பில்லை என்று முதலாளி விதியே போட்டுவிட்டார். குழந்தை நன்றாக இருக்கிறது. தடுப்பூசிக்கு வந்தபோது கொழுகொழுவென்று இருந்ததாக நர்ஸ் சொன்னாள். நான் இன்னும் அதே நிறுவனத்தில்தான் இருக்கிறேன், இன்னும் தவறுகள் செய்கிறேன். ஆனால் யாராவது போனில், "உங்க கருவி தப்பா காட்டுதோன்னு சந்தேகமா இருக்கு" என்று சொன்னால் இப்போதெல்லாம் நான் விளக்கம் சொல்வதில்லை. எந்த இடம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு பையை எடுத்துத் தோளில் மாட்டிவிடுகிறேன்.